தொட்டி மீனுக்கு ஒரு துண்டு கொய்யா

முதல்முறை தொட்டியில் கொய்யாத் துண்டு போடுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: “துப்பிருச்சு, பிடிக்கல போல.” தங்கமீன் துப்புவது நிஜம்தான். ஆனால் அதை வைத்துப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மீன் வளர்க்கும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாயின் மேலண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த தசைத் திண்டு ஒன்று உண்டு. குளத்தடியில் மண்ணையும் தீனியையும் சேர்த்து அள்ளி, வாய்க்குள்ளேயே பிரித்து, மண்ணை மட்டும் வெளியே தள்ளுவதற்கான ஏற்பாடு அது. புது உணவு எதுவானாலும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். உற்றுப் பாருங்கள்: மீன் துண்டை உள்ளே இழுக்கும், செவுள் மூடிகள் இரண்டு மூன்று முறை அகன்று அசையும், துண்டு வெளியே வரும். அது அடியில் போய்ச் சேர்வதற்குள் திரும்பி மறுபடி கவ்வும். ஒவ்வொரு முறையும் துண்டு கொஞ்சம் சிறுத்திருக்கும். துப்பிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் நீந்திப் போனால்தான் அதை மறுப்பு என்று கொள்ளலாம். அதுவும் அன்றைக்கு மட்டும்.

மீனுக்குப் பழம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் அமேசான் காட்டைப் பற்றிச் சொல்வேன். வெள்ளக் காலத்தில் அங்கே ஆற்றுநீர் பத்து மீட்டர் அளவுக்கு உயர்ந்து காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மரத்திலிருந்து விழும் பழத்துக்கும் விதைக்கும் மீன்கள் காத்திருக்கின்றன. மைக்கேல் கோல்டிங் 1980-இல் வெளியிட்ட ‘தி ஃபிஷஸ் அண்ட் தி ஃபாரஸ்ட்’ என்ற நூல் இந்த உறவைத்தான் விரிவாகப் பேசுகிறது. தம்பாக்கி என்ற பெரிய மீன் ரப்பர் விதையைக் கடைவாய்ப் பல் போன்ற பற்களால் உடைத்துத் தின்னும். முழுதாக விழுங்கிய சிறு விதைகளை வேறிடத்தில் கழித்து, மரம் பரவவும் உதவும். அதன் உறவுக்காரனான பாக்கு மீன் நம் ஊர்க் கடைகளில் ‘பிரானா’ என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. அதுவும் பழப்பிரியன்தான். தென்கிழக்கு ஆசியாவின் ஜெயன்ட் கௌராமியும் இலை, தழை, பழம் எல்லாம் தின்னும்.

சத்துக் கணக்கும் இருக்கிறது. மனிதனைப் போலவே பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும், காயம் ஆற நாளாகும். பெல்லட்டில் சேர்த்திருப்பார்கள், ஆனால் டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் வைத்தால் அந்தச் சத்து குறைந்துகொண்டே போகும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. அதற்காகப் பழத்தையே சாப்பாடாக்கிவிடக் கூடாது. பழத்தில் புரதம் மிகக் குறைவு, சர்க்கரை அதிகம். வாரம் ஒரு நாள் போதும். பூச்சி, புழு தின்று வாழும் ஃபைட்டர் போன்ற மீனுக்கு அதுவும் தேவையில்லை.

கொய்யாவைத் தோல் சீவி, நடுவிலுள்ள விதைச் சதையை வழித்தெடுத்துவிட்டு, ஓரச் சதையை மட்டும் மீனின் கண்ணளவுக்கு நறுக்குவேன். பப்பாளி என்றால் பழுத்தும் கெட்டியாக இருக்க வேண்டும். குழைந்தது தண்ணீரில் கரைந்துபோகும். தர்பூசணியில் சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் நல்லது. அது மிதக்கும் என்பதால் மேல்மட்டத்தில் மேயும் கௌராமிக்கு வசதி. சக்கர் மீனுக்குப் பப்பாளித் துண்டை எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்கி, விளக்கை அணைத்துவிட வேண்டும். இருட்டில்தான் அது தைரியமாக வரும். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் வேண்டாம். எலுமிச்சை, அன்னாசி போன்ற புளிப்பும் வேண்டாம்.

காலைத் தீனிக்கு முன், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில், வழக்கமாகத் தீனி போடும் மூலையிலேயே ஒன்றிரண்டு துண்டு மட்டும் போடுங்கள். ஒரு மீன் தின்னத் தொடங்கினால் மற்றவை பின்னாலேயே வரும். தங்கமீன் தொட்டியில் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை வலையால் எடுத்துவிட வேண்டும். சக்கர் மீனுக்கு இரவில் வைத்ததை விடிந்ததும் எடுத்தாக வேண்டும். பழச் சர்க்கரையில் பாக்டீரியா பெருகினால் தண்ணீர் கலங்கும், ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 30-ஐத் தொடும். அதனால் கோடையில் பழ நாளன்று ஏர் பம்ப்பை நிறுத்தவே கூடாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு வேறொரு பலனும் உண்டு. பெல்லட் போட்டால் கூட்டமாக வந்து விழுங்கிவிட்டுக் கலைந்துவிடும். எந்த மீன் எவ்வளவு தின்றது என்றே தெரியாது. பழம் வைத்தால் மீன் நேரம் எடுத்துக்கொள்ளும், நமக்கும் பார்க்க நேரம் கிடைக்கும். எது முதலில் வரும், எது தயங்கும், எது அடுத்தவன் துப்பியதைப் பொறுக்கும் என்று ஒவ்வொன்றின் குணமும் பிடிபடும். அப்படிப் பழகிவிட்டால், எப்போதும் முந்திவரும் மீன் ஒரு நாள் ஓரமாக ஒதுங்கி நின்றாலே போதும். உடம்பில் புள்ளியோ துடுப்பில் அழுகலோ தெரிவதற்கு முன்பே தண்ணீரைச் சோதித்து, மாற்றி, அதைக் காப்பாற்ற அவகாசம் கிடைத்துவிடும். பழ நாளை நான் விடாமல் வைத்திருப்பது முக்கியமாக இதற்காகத்தான்.