எரிஞ்சா சொல்லணும்மா

நோயாளிகள் அதைச் "சிவப்பு மருந்து" என்கிறார்கள். நர்சுகளின் பேச்சில் அது "அட்ரியா". முழுப்பெயர் டாக்ஸோரூபிசின்; மார்பகப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து. ரத்தக் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்கடியில் இறங்கினால் சதையை அரித்துவிடும். ஒட்டுத்தோல் வைக்கும் அளவுக்குப் புண் ஆழமாகப் போவதும் உண்டு. இதை ஏற்றுகிறவர் டாக்டர் அல்ல, பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். அவருக்கு இந்த வேலையை யார், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் கீமோ டே கேர் பிரிவுக்குப் போயிருந்தேன்.

ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா. இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. அந்தக் கை வீங்கும் அபாயம் இருப்பதால் அதில் ஊசி போடமாட்டார்கள். மிச்சமிருப்பது வலது கை. முந்தைய சுழற்சிகளில் அதன் நரம்புகளும் கயிறுபோல் இறுகிக் கிடந்தன. புறங்கையில் ஒரு நரம்பு நன்றாகவே புடைத்துத் தெரிந்தது. மூத்த சிஸ்டர் அதைத் தொடவில்லை. அங்கே தோலுக்கடியிலேயே தசைநாண்கள் ஓடுகின்றன. கசிந்தால் விரல்களை மடக்க முடியாமல் போய்விடும். முழங்கை மடிப்பும் வேண்டாம், அங்கே கசிவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது. வெந்நீரில் நனைத்த துணியை முன்கையில் சுற்றிவிட்டுக் காத்திருந்தார். பிறகு விரல்நுனியால் தடவித் தடவி, பார்வைக்குத் தெரியாத ஒரு நரம்பைக் கண்டுபிடித்தார். ஒரே குத்தில் வென்ஃப்ளான் இறங்கியது.

சலைன் ஓடிக்கொண்டிருக்க, பக்கவாட்டு வழியில் சிவப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். இடையிடையே சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தார்.

"எரியுதாம்மா?"

"லேசாத்தான் சிஸ்டர். பரவாயில்ல, போடுங்க."

உடனே கையை நிறுத்திவிட்டார். ரத்தம் சரியாக வந்தது, வீக்கமும் இல்லை. இருந்தும் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, சலைனை மட்டும் ஓடவிட்டு, எரிச்சல் அடங்கிய பிறகே தொடர்ந்தார். "லேசா எரிஞ்சாலும் சொல்லணும்மா. பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது." வலியைப் பொறுத்துக்கொள்வதையே வாழ்நாள் முழுக்கப் பழகிய பெண்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கசிந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மருந்தை நிறுத்தணும். ஊசியை உடனே உருவிடக் கூடாது, அது வழியாவே உறிஞ்ச முடிஞ்ச வரைக்கும் எடுக்கணும். அப்புறம் ஐஸ். ஆனா வின்கிரிஸ்டின் கசிஞ்சா சூடுதான் வைக்கணும். மாத்தி வெச்சா காயம் பெருசாயிடும்."

வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த மருந்து. நரம்பில் போனால் உயிர்காக்கும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீருக்குள் போட்டுவிட்டால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. இத்தனையும் தெரிந்திருக்க வேண்டியவருக்கு மூன்றாண்டு டிப்ளமாவிலோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கிலோ புற்றுநோய் சில பாடங்கள் மட்டுமே.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியது. அதற்குப் பிறகு டாக்டர்களின் படிப்பு மருந்து, அறுவை, கதிர்வீச்சு என்று தனித்தனியாகக் கிளைத்துவிட்டது. நர்ஸ் மட்டும் பல இடங்களில் இன்னும் எல்லா வார்டுக்கும் பொதுவானவராகவே இருக்கிறார். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டுப் புற்றுநோய் நர்சிங் டிப்ளமா இருக்கத்தான் செய்கிறது. நான் போன பிரிவில் அதை முடித்திருந்தவர் இந்த மூத்த சிஸ்டர் ஒருவரே. மற்றவர்கள் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்கள். அந்தக் கல்வியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அது யாரிடமிருந்து கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

விடுப்பு என்றால்கூடத் திரும்பி வந்துவிடுவார். வார்டு மாற்றம்தான் பெரிய இழப்பு. கீமோவில் கை பழகிய ஒருவரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டு, அட்ரியாவைப் பார்த்தே இராத ஒருவரை இங்கே போடுகிறார்கள். யாருக்கும் ஒரே வார்டில் பாரம் கூடிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனாலும் இந்தப் பிரிவுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

பேசிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்குக் கிளம்பிய இன்னொரு நோயாளியின் மகனை மூத்த சிஸ்டர் நிறுத்தினார். சிறுநீர் இன்று சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார். ஒரு வாரம் கழித்து வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, நடுராத்திரியானாலும் கூட்டிவர வேண்டும் என்றார். அவனைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சம்பளத்தைச் சொல்லவில்லை. இளைய சிஸ்டர்கள் சம்பளத்தோடு அந்த ஓராண்டுப் படிப்புக்குப் போய்வர வேண்டும். முடித்து வந்தவர்களை ஐந்து வருஷமாவது இந்த வார்டிலேயே வைத்திருக்க வேண்டும். மருந்து கலக்கத் தனி அறையும் காற்றை உறிஞ்சி வடிகட்டும் பெட்டியும் வேண்டும், ஏனென்றால் கலப்பவர்களில் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பதில் இன்னும் வரவில்லை.