திடலில் விளைந்த தோழமை

கோல்ஃப் என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழும் காட்சி யாது? செல்வச் சீமான்கள் சிலர் தொப்பியணிந்து, பை சுமப்போர் பின்தொடரப் பரந்த புல்வெளியில் பொழுதைப் போக்கும் காட்சிதானே! எங்கள் தெருவில் அவ்விளையாட்டை ஆடுவோர் ஒருவரும் இலர். உங்கள் தெருவிலும் இருக்கமாட்டார்கள். ஆயினும் அதன் பழைய வரலாற்றில் ஒரு நட்பின் கதை பொதிந்துள்ளது. அதனை நம் இல்லங்களில் எடுத்துச் சொல்லக் காரணமும் உண்டு.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை அடுத்த துறைமுகம் லீத். அங்கே ஐந்தே குழிகள் கொண்ட திடல் ஒன்று இருந்தது. மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் நீதிபதியும் அங்கே ஒன்றுகூடி ஆடுவர். 1744-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரசபை வெள்ளியாலான கோல்ஃப் மட்டை ஒன்றைப் போட்டிப் பரிசாக வழங்கியது. அப்போட்டிக்கென வகுக்கப்பட்ட 13 விதிகளே இன்று கிடைக்கும் கோல்ஃப் விதிகளுள் மிகத் தொன்மையானவை. பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்து ஆடலாம். ஆனால் அதற்கு ஈடாக எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்கிறது ஒரு விதி. வெற்றி பெற்றவரே அவ்வாண்டின் தலைவர். ஆட்டத்தில் எழும் பிணக்குகளைத் தீர்ப்பவரும் அவரே. அவர் தம் பங்காக ஒரு பந்தை அந்த வெள்ளி மட்டையில் கோத்துவைப்பது மரபாயிற்று. ஆட்டம் முடிந்ததும் கூடியிருந்து உண்பர். அவ்விருந்துகளில் மதுவும் பந்தயமும் இருந்தன. நமக்கு விலக்கப்பட்ட அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்!

முதற்போட்டியில் வென்றவர் ஜான் ராட்ரே என்னும் அறுவை மருத்துவர். அதே திடலில் ஆடிய மற்றொருவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்காட்லாந்தின் உரிமையியல் உயர்நீதிமன்றத் தலைவர். 1743-இல் வெளியான கோல்ஃப் பற்றிய நெடுங்கவிதை ஒன்று இவ்விருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

பிறகு வந்தது சோதனை. 1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட், பிரிட்டனின் அரியணைக்கு உரிமை கோரி ஸ்காட்லாந்தில் படை திரட்டினார். ஒரே குடும்பத்தார்கூட இரு பக்கமாகப் பிரிந்து நின்ற காலம் அது! அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த பிரெஸ்டன்பான்ஸ் போரில் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்யச் சென்ற ராட்ரே, இளவரசரின் மருத்துவராகவே அப்படையுடன் போனார். ஃபோர்ப்ஸோ அரசரின் பக்கம் உறுதியாக நின்றவர். கிளர்ச்சி பரவாதிருக்கத் தம் கைப்பொருளை வாரியிறைத்தார். அதன் பொருட்டே அவருடைய கல்லோடன் மாளிகை தாக்கப்பட்டது. இறுதிப்போருக்கு முன் இளவரசர் வந்து தங்கியதும் அம்மாளிகையில்தான்! 1746 ஏப்ரல் 16 அன்று, அம்மாளிகையை அடுத்த வெட்டவெளியில் இளவரசரின் படை சிதறுண்டது. ராட்ரே கைதியானார். அரசருக்கு எதிராக நின்றோருக்குத் தூக்குமரம் காத்திருந்த வேளை அது.

அப்போது அவருக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? வீட்டையும் பொருளையும் எதிரணியிடம் இழந்த அதே ஃபோர்ப்ஸ்! ராட்ரேயின் உயிர் தப்பியது. அவர் 1747-இல் விடுதலையடைந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஃபோர்ப்ஸ் மறைந்தார். 1751-இல் ராட்ரே மீண்டும் வெள்ளி மட்டையை வென்றபோது அதனைக் காண அந்த நண்பர் இல்லை. லீத் திடலில் 2019-இல் ராட்ரேக்குச் சிலை வைத்தார்கள். ஃபோர்ப்ஸின் பளிங்குச் சிலை அதே நகரின் பழைய பாராளுமன்ற மண்டபத்தில் இருக்கிறது.

இதனைப் படித்தபோது என் நெஞ்சில் உடனே எழுந்த பெயர் முத்இம் இப்னு அதீ. தாயிஃபில் கல்லடி பட்டுத் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவினுள் நுழைய அடைக்கலம் அளித்தவர் அவர். ஆயுதமேந்திய தம் மக்களுடன் கஃபாவருகே காவல் நின்றார். இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தும் போனார். ஆயினும் பத்ருப் போரின் கைதிகளைப் பற்றிப் பேசியபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்துப்பட நபியவர்கள் மொழிந்தார்கள். அச்செய்தியை நமக்கு அறிவித்தவர் முத்இமின் மகனார் ஜுபைர் (ரலி). மார்க்கத்தில் எதிரணியில் நின்றவரின் பழைய நன்மையையே மறவாத அண்ணலார் எங்கே, ஜமாஅத் தேர்தலில் எதிரணியில் நின்ற சொந்தச் சகோதரனை மறந்துவிடும் நாம் எங்கே!

ஆம்! எங்கள் ஊர்க்கதைக்கே வருகிறேன். ஊரணிக்கரையில் அஸர் தொழுதுவிட்டு, மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை கைப்பந்தாடும் கூட்டம் ஒன்றிருந்தது. பந்து பொறுக்கிய சிறுவர்களில் நானும் ஒருவன். சஃபரிலிருந்து ஊர் வரும் ஒவ்வொருவரும் புதுப்பந்து ஒன்று கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ரமலான் இரவுகளில் தராவீஹுக்குப் பின் விளக்குக் கட்டி ஆடுவார்கள். அக்கூட்டத்தின் இரு தூண்களாக விளங்கிய காக்காமார் இருவர், பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் ஒன்றில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். தேர்தல் முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். ஸலாம் மட்டும் இல்லை. மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருக்கலாகாது என்ற ஹதீஸை இருவருமே தம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள்தாம்.

இவர்களில் ஒருவரின் மகளுக்கு வரும் ஷவ்வாலில் நிகாஹ். அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதும் வேலையை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னிடம் தந்தார். அவர் கொடுத்த பட்டியலில் அந்த இன்னொரு வீடு இல்லை. நான் முதல் உறையிலேயே அப்பெயரை எழுதி, கட்டின் மேலே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்த உறையைக் கட்டிலிருந்து எடுக்கவும் இல்லை.