பல்பின் விலையும் பார்வையின் கூலியும்

அவிசாவளையில் ஆரம்பித்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் ஏ-7 பாதையில், ஹட்டனைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே எதிர்ப்படும் சிறு பட்டணம் கொட்டகலை. இரயில் மார்க்கமாக வருவோருக்கு, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் புகுந்து மறுபுறம் வெளிவந்த பின் காணும் முதல் நிலையமும் அதுவே. பகல் மூன்று மணிக்கெல்லாம் மலைமுகட்டிலிருந்து இறங்கி, முதலில் கொழுந்து மலைகளையும், பிறகு லயன்களையும், கடைசியில் பாதையையும் மறைத்துவிடும் பனிமூட்டம் அங்கு விருந்தாளியன்று, நித்திய வாசி. அந்தப் பனிமூட்டத்தில் வாகனத்தின் முன்விளக்கை எவ்வளவு பிரகாசமாக எரியவிட்டாலும், வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுபவரின் கண்ணுக்கே வெண்சுவராகத் திரும்பி வருமேயன்றிப் பாதையைக் காட்டாது. அந்நேரத்தில் உயிரைக் காப்பது, பின்புறத்தில் ஐந்து வாட் சக்தியில் செம்மையாக ஒளிரும் சிறு விளக்குத்தான். நாம் பார்ப்பதற்காக அன்றிப் பிறர் நம்மைப் பார்ப்பதற்காக எரியும் விளக்கு அது.

அத்தகைய சிறு விளக்குகளைச் சீர்செய்வதையே பிரதான ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவரின் கராஜில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை. சுவரெங்கும் ஆணிகளில் தொங்கும் வயர்ச் சுருள்கள். பழைய பிஸ்கட் டின்களிலும் ஜேம் போத்தல்களிலும் வகைவகையாகப் பிரித்து வைத்த பல்புகள். இரு முனையும் கூர்ந்த, கண்ணாடிக் குழாய் போன்ற கூரை விளக்குப் பல்பு ஒரு டின்னில். அடிப்பாகமே கண்ணாடியாக அமைந்த, சொருகும் பல்பு இன்னொன்றில். அழுத்தித் திருப்பிப் பூட்டும் பித்தளைக் குடுமிப் பல்பு மற்றொன்றில். ஊரார் அவரை ‘வயரிங் பாஸ்’ என்றே அழைக்கின்றனர். ஐம்பதைத் தாண்டிய வயது. அதிகம் பேசாத சுபாவம். பக்கத்தில் தொழில் பழகும் பையன் ஒருவன்.

மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசி விசாகப் பூரணை வரை நீடிக்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலம் அது. தீவின் நாலா திசைகளிலிருந்தும் வேன்களிலும் பஸ்களிலும் வரும் யாத்திரிகர்கள், ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று, நள்ளிரவுக்குப் பின் மலையேறி, 2,243 மீற்றர் உயரத்துச் சிகரத்தில் சூரியோதயம் தரிசித்து இறங்கியதும், வந்தது வந்தோம் என்று நுவரெலியாவையும் பார்த்துவிடக் கொட்டகலை வழியே போவது வழக்கம். அவ்வாறு குருநாகலிலிருந்து வந்திருந்த வேன் ஒன்று, தள்ளி ஸ்டார்ட் செய்யப்பட்ட நிலையில், என்ஜினை அணைக்கவும் பயந்து கராஜ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே சமையல் சட்டி, பாய், தலையணை, கைக்குழந்தை, பாட்டி என்று ஒரு குடும்பமே குடியிருந்தது.

சாரதி சிங்களத்தில் முறையிட்டார். பாஸ் சிங்களத்திலேயே விசாரித்தார். பையனுக்கு மட்டும் தமிழில் உத்தரவு பிறந்தது. முறைப்பாடுகள் இரண்டு. இடதுபுறப் பின்விளக்கு மங்கலாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் அது பிரகாசிப்பதற்குப் பதிலாக, பக்கத்திலுள்ள சிக்னல் விளக்கும் சேர்ந்து அசட்டுத்தனமாக மின்னுகிறது. அத்துடன், வேனுக்குள் இரவெல்லாம் எரிந்த கூரை விளக்குகள் பெற்றரியைக் குடித்துவிட்டன. வழியில் யாரோ சொன்னதைக் கேட்டு, இடதுபுறத்துப் பல்பைச் சாரதி ஏற்கெனவே புதிதாக மாற்றியுமிருந்தார். பயன் இல்லை.

“பல்ப்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. எர்த்துதான் போயிருக்கு” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார் பாஸ், விளக்கைக் கழற்றிப் பார்க்கு முன்னமே. பிறகு நடந்ததுதான் ரசமான காட்சி. நீண்ட வயர் ஒன்றின் ஒரு முனையை வேனின் இரும்புச் சட்டத்தில், வர்ணம் சுரண்டிய இடமாகப் பார்த்துப் பையன் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை விளக்கு ஹோல்டரின் உலோகத்தில் பாஸ் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் மங்கிக் கிடந்த விளக்கு பளிச்சென்று எழுந்தது, எடுத்தார், மங்கியது, மீண்டும் தொட்டார், எழுந்தது. நோய் நிர்ணயம் முடிந்தது.

அதன் காரணம் எளியது. ஆனால் அறிந்தவர்க்கே எளியது. பல்புக்குள் சென்ற மின்சாரம் வாகனத்தின் உடலாகிய இரும்பின் வழியாகப் பெற்றரிக்குத் திரும்பவேண்டும். ஹோல்டரை உடலோடு இணைக்கும் சிறு திருகாணியில், பனியும் மழையும் சேர்ந்து துருவை ஏற்றிவிட்டால் அந்தத் திரும்பும் வழி அடைபடுகிறது. அடைபட்ட மின்சாரம், அடுத்திருக்கும் இன்னொரு பல்பின் இழைக்குள் நுழைந்து, அதன் வழியாக வெளியேறப் பார்க்கிறது. பிரேக்கை மிதிக்கையில் சிக்னல் விளக்கு சம்பந்தமின்றி மின்னிய மர்மம் இதுதான். துருவேறிய ஆணியைக் கழற்றி, எமரித் தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, புது வாஷர் இட்டு முறுக்கி, மேலே சிறிது கிரீஸ் பூசியதும் வேலை முடிந்தது. பல்பு மாற்றப்படவே இல்லை.

உண்மையிலேயே செத்துப்போன பல்புகள் வரும்போதும் அவற்றை அவர் உடனே எறிந்துவிடுவதில்லை; வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். கண்ணாடியின் உட்புறம் கண்ணாடிபோலவே மினுங்கும் கறுப்புப் படிந்திருந்தால், டங்ஸ்டன் இழை ஆவியாகித் தேய்ந்து தன் ஆயுளை முடித்திருக்கிறது. புதுப் பல்பே சீக்கிரத்தில் அவ்வாறு கறுத்தால், அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் வருகிறதென்று அர்த்தம். புகைபோல் வெண்மை படர்ந்திருந்தால், கண்ணாடியில் எங்கோ நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டுக் காற்று உட்புகுந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாயிருக்க, இழை மட்டும் அறுந்து தொங்கினால், குற்றவாளி பாதை; தோட்டப் பாதைகளின் குழிகளில் குலுங்கிக் குலுங்கி இழை முறிந்திருக்கிறது. முதல் வகைக்குச் சார்ஜிங்கைப் பரிசோதிக்கிறார். மூன்றாவது வகைக்கு ஹோல்டரின் வில்லை இறுக்குகிறார். வைத்தியன் நாடியைப் பார்ப்பதுபோல, அவர் பார்ப்பது பிணத்தை.

பிரேக் விளக்கின் இரட்டை இழைப் பல்பில், 21 வாட் இழையும் 5 வாட் இழையும் ஒரே கூட்டுக்குள் வாழ்கின்றன. அதன் பக்கவாட்டுக் குடுமிகள் இரண்டும் சம உயரத்தில் இல்லாமல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருப்பது, இடம் மாறிப் பொருத்திவிடாதபடி செய்த ஏற்பாடு. அவசரத்தில் பலவந்தமாகத் திணித்து ஹோல்டரையே உடைத்தவர்கள் அநேகர் என்று அவர் சொன்னபோது, உடைந்த ஹோல்டர்கள் நிறைந்த டின் ஒன்றைப் பையன் சாட்சியாகக் குலுக்கிக் காட்டினான்.

இனி, பெற்றரியைக் குடித்த விளக்குகளின் கதை. வேனுக்குள் தலா பத்து வாட் பல்புகள் எட்டு. ஆக 80 வாட். பன்னிரண்டு வோல்ட் பெற்றரியிலிருந்து அவை இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 6.7 அம்பியர். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை, மலையேற முடியாத பாட்டிக்கும் குழந்தைக்கும் துணையாக அவை எரிந்திருந்தால், 47 அம்பியர்-மணி செலவு. அந்த வேனின் பெற்றரி மொத்தமே 60 அம்பியர்-மணி; நல்லதண்ணியின் குளிரில் அந்த அளவும் குறைந்துவிடும். விடியற்காலையில் என்ஜின் எழும்பாமல் போனதில் ஆச்சரியம் என்ன? ஒரு வாட் எல்.ஈ.டி. விளக்குகளை அதே இடங்களில் பொருத்தினால், அதே ஏழு மணி நேரத்துக்கு ஐந்து அம்பியர்-மணிகூடச் செலவாகாது. மேல்நாடுகளில், படுக்கையும் அடுப்புமாக வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் செய்யும் வண்டிகளில், என்ஜினை எழுப்ப ஒரு பெற்றரியும் குடித்தன விளக்குகளுக்கு வேறொரு பெற்றரியுமாக இரண்டு வைப்பது வழக்கம். யாத்திரை வேன்கள் சிலவற்றுக்குப் பாஸும் அதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருக்கிறார்.

பாஸ் பல்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். சூடான பல்பைத் துணியால் பிடித்தார். சொருகும் வகைப் பல்பு விரலுக்கு அகப்படாத குழியில் இருந்தபோது, சிறு ரப்பர்க் குழாயை அதன் தலையில் மாட்டி இழுத்தார். எல்.ஈ.டி.யைச் சொருகியதும் இரண்டு எரியவில்லை. சாரதி முகம் வாடினார். பாஸ் அவற்றைக் கழற்றித் திருப்பிச் சொருகினார், எரிந்தன. இழைப் பல்புக்கு மின்சாரம் எத்திசையிலிருந்து வந்தாலும் ஒன்றே, எல்.ஈ.டி.யோ ஒரு திசையில் மாத்திரமே அனுமதிக்கும். இந்த வெள்ளை ஒளிக்கு ஆதாரமான நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசின் பலன் கொட்டகலையில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது.

ஆயினும் எல்லா இடத்திலும் எல்.ஈ.டி.யைப் போடுவது அவருக்குச் சம்மதமில்லை. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. வைத்தால், செம்மை வெளுத்துப் பனியில் எட்டாது. சிவப்புக்குச் சிவப்பே வேண்டும். சிக்னலுக்குப் போட்டால், 21 வாட் பாரத்தை எதிர்பார்த்துப் பழகிய பழைய பிளேஷர், பாரம் குறைந்ததும் பல்பு ஒன்று செத்துவிட்டதாக எண்ணிப் படபடவென்று துடிக்கும். அதற்கு மின்தடை ஒன்றை இணைத்துப் பொய்ப்பாரம் காட்டலாம். அது கொதித்துப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும் என்பதால், பிளேஷரையே மாற்றுவதுதான் உத்தமம் என்பது அவர் அபிப்பிராயம். எல்.ஈ.டி. வந்தால் பல்பு மாற்றும் தொழில் அழியும் என்று ஒரு காலத்தில் பயந்தாராம். “மாத்துற வேல கொறைஞ்சிச்சு, கண்டுபிடிக்கிற வேல கூடிப்போச்சு” என்றார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டின் வாகனங்கள் எல்லாம் ஒன்றாகக் கிழடு தட்டியதால், துருவேறிய திருகாணிகளுக்குப் பஞ்சமில்லை. பாஸுக்குத் தொழில் கற்பித்தது எந்தக் கல்லூரியுமன்று. அவர் பிள்ளைப் பிராயத்தில் அவருடைய லயத்தில் மின்சாரம் கிடையாது, குப்பி லாம்புதான். காம்பராவில் தொலைக்காட்சி பார்க்க வாகனப் பெற்றரியைத் தோளில் சுமந்து பட்டணத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோனவர், போன இடத்திலேயே நின்று வேலை பழகிவிட்டார். பொறியியலாளர் விமலசுரேந்திர, நுவரெலியாவுக்கருகே பிளக்பூலில் 1912இலேயே சிறு நீர்மின் நிலையம் அமைத்துக் காட்டினார்; லக்ஷபான 1950இல் இயங்கத் தொடங்கியது; அயலூரான தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாட்டோடு திறக்கப்பட்டது. நாட்டுக்கு வெளிச்சம் இந்த மலைகளின் நீரிலிருந்தே இறங்கிச் சென்ற காலத்தில், அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் மின்சாரத்தைத் தோளில் சுமந்து வந்து உபயோகித்தனர். அந்தச் சுமையே சிலருக்குக் கல்வியாயிற்று. இன்று அனுபவத்தைப் பரீக்ஷித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. பையனை அதற்கு அனுப்பப்போவதாகச் சொன்ன பாஸ், தமக்கு அது வேண்டியதில்லை என்றார். வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஏனெனில், கூலி கேட்கும் வேளையில் சங்கடம் வந்தது. எட்டு எல்.ஈ.டி.களின் விலையைச் சாரதி மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்; பொருள் கண்ணெதிரே எரிந்தது. பின்விளக்குக்கான கூலியைக் கண்டதும், “பல்பே போடவில்லையே!” என்றார். பாஸ் கோபிக்கவில்லை. ஹோல்டரிலிருந்த புதுப் பல்பைக் காட்டி, வேண்டாத இதற்குக் கொடுத்த காசை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். சாரதி சிரித்துவிட்டுப் பணத்தை எண்ணினார்.

இந்தப் பழக்கம் அந்தச் சாரதிக்கு மாத்திரம் உரியதன்று. மாலையில் தராசில் கொழுந்து கிலோ கணக்கில் நிறுக்கப்படுகிறது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக எதைக் கிள்ளுவது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று விரல் நுனியில் தீர்மானித்த கண்ணுக்கு எந்தத் தராசிலும் படிக்கல் கிடையாது. கைமாறும் பொருளுக்கு விலையும், பொருளுக்கு முந்திய அறிவுக்குப் பேரமும் என்பது மலைநாட்டில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அதை மாற்றத் தம்மாலானதைப் பாஸ் செய்துவருகிறார். அவருடைய பில் புத்தகத்தில் ‘பல்ப்’ என்ற வரிக்கு மேலே, முதல் வரியாக, ‘பார்த்த கூலி’ என்று தனியே எழுதுகிறார். பல்பு மாற்றாத நாளிலும் அந்த வரியை அவர் வெறுமையாக விடுவதில்லை.