வயது வரம்பு வைத்தது யார்?

அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், ஊர் உடனே இரண்டு கேள்விகளை வீசுகிறது. எத்தனையாவது முறை? என்ன வயது? முதற் கேள்விக்கு என் விடை, மூன்றாவது முறை. இரண்டாவதற்கு, இருபத்தாறு. பட்டம் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குப் பெரும்பாலான பதவிகளில் தமிழ்நாட்டுத் தேர்வாணையம் மேல் வயது வரம்பு ஏதும் வைக்கவில்லை. வரம்பு வைத்திருப்பவர் என் அத்தை! இருபத்தேழு என்கிறார். எந்த அரசாணையின்படி அத்தை என்று கேட்டேன். ஊர் வாய்தான் அரசாணையாம்.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். இரவென்றும் பகலென்றும் இல்லாமல் தறிச் சத்தம். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்ற நான் தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் சம்பளத்தைச் சொன்னால் தார் சுற்றுவோர் என்மீது இரக்கப்படுவர், ஆகவே சொல்லவில்லை. காலை நான்கரைக்கு விழிப்பு, ஆறரை வரை படிப்பு, பிறகு அடுப்படி, பிறகு பள்ளி, இரவு பிள்ளைகளின் குறிப்பேடுகளைத் திருத்தியபின் மீண்டும் படிப்பு. சனிக்கிழமைகளில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்தவரை, கட்டணம் கேட்காத வகுப்பு அது ஒன்றுதான்.

படிக்கும் நூல் எது? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அதே பள்ளிப் பாடநூல்கள். பகலில் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குகிறேன். இரவில் அதே பாடத்தை நான் விழுங்குகிறேன். விளக்குவது வேறு, விழுங்குவது வேறு என்பதை இந்த மூன்று ஆண்டுகளில் என் தொண்டைக்குழி நன்றாக அறிந்திருக்கிறது.

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. தொகுதி 4 தேர்வு. ஊர் மொழியில் குரூப் ஃபோர். காலை 9.30 முதல் பகல் 12.30 வரை, 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அறிவிக்கையில் கண்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேல்! ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்குமேல் முண்டியடித்தோம்.

தேர்வுக்கு முன்னாள் அம்மா நுழைவுச்சீட்டைக் கேட்டார், பிள்ளையார் காலடியில் வைப்பதற்கு. வாதாட நேரமில்லை; அம்மாவின் கண்ணில் இருந்தது பக்தியைவிடப் பயம் என்பதும் எனக்குத் தெரியும். நகலைக் கொடுத்தேன். பிள்ளையாருக்கு நகல் போதும். அறைக் கண்காணிப்பாளருக்குத்தான் அசல் வேண்டும்! அத்தையோ பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறதாம். “கண்ணு, பன்னெண்டுக்குள்ள எழுதி முடிச்சுப்போடு” என்றார்.

தேர்வுக் கூடத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. எழுந்தவர் ஒருவரும் இல்லை. கைக்குழந்தையை வெளியே தாயிடம் விட்டு வந்தவரும், இரவு முறை முடிந்து தூங்காமல் வந்தவரும், நாற்பதைத் தாண்டிய ஒருவரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தனர். மாநிலம் முழுதும் லட்சோபலட்சம் பேர் ஒரே எமகண்டத்தில் ஒரே வினாத்தாளை எழுதினோம். வேலை பெற்றவர்களுக்கும் அதே எமகண்டம். கலந்தாய்வுப் பட்டியலில் எண் வராத எனக்கும் அதே எமகண்டம். எமன் என்ன, இனச்சுழற்சி பார்த்தா ஆளைத் தேர்ந்தெடுத்தான்?

அந்த விடைத்தாளில் எனக்குப் பிடித்த வட்டம் ஒன்று உண்டு. நான்கு விடைகளுக்கு நான்கு வட்டங்கள். ஐந்தாவதாக, ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ஒரு வட்டம். வந்த கதை அழகானதல்ல. 2019 செப்டம்பரில் நடந்த தொகுதி 4 தேர்வில் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் சிலர், சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்தார்கள். பிறகு வேறு கைகள் சரியான விடைகளை நிரப்பின. 99 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். வெற்றிடம் விட்டால்தானே பிறர் நிரப்ப முடியும் என்று 2020-இல் ஐந்தாவது வட்டம் வந்தது. திருட்டைத் தடுக்க வந்த வட்டம்தான். ஆயினும் அதைக் கறுப்பாக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நிமிர்வு ஏற்படுகிறது. எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவர்கள் நிறைந்த நாடு இது. பிறப்புக்கு முந்தியதற்கும் விடை, இறப்புக்குப் பிந்தியதற்கும் விடை, மழை பொய்த்ததற்கும் விடை! அவர்கள் கையில் இந்த விடைத்தாளைக் கொடுத்தால் ஐந்தாவது வட்டத்தை ஒருவராவது தொடுவாரா?

தேர்வின் குறையும் சொல்லவேண்டும். நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி ஆணை எந்த ஆண்டு பிறப்பிக்கப்பட்டது என்று கேட்பார்கள். 1921 என்று குறித்தால் ஒன்றரை மதிப்பெண். இதே பாடத்தை வகுப்பில் நடத்தியபோது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “மிஸ், 1921-ல ஆணை போட்டு 1928-லதான் நடைமுறைக்கு வந்ததுன்னா, நடுவுல ஏழு வருசம் யார் நிறுத்தி வெச்சாங்க?” என்றாள். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. முதல் ஆணை, பதவிகளைப் பல வகுப்பாருக்கும் பகிர்ந்தளியுங்கள், கணக்கு அனுப்புங்கள் என்றது. இத்தனைக்கு இத்தனை என்று கட்டவில்லை. கணக்கு எழுதும் கை யாருடையதோ, ஆணை அந்தக் கையில் தூங்கியது. அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில்தான் 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்று சுழற்சி உறுதியாயிற்று. அந்த வகுப்பு முழுதும் இதிலேயே போயிற்று. அவள் கேட்ட கேள்விக்கு எந்தத் தேர்விலும் வட்டம் இல்லை.

ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “உங்களுக்கென்ன, ஒதுக்கீடு இருக்கிறது, அதுவும் பெண்களுக்கு 30 விழுக்காடு.” ஆம், இருக்கிறது; 1989 முதல் இருக்கிறது. அதற்கு முன் என்ன இருந்தது? 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையைப் படிக்கச் சொன்னேன். திறமை ஒன்றையே பார்ப்பதாகச் சொல்லப்பட்ட போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் ஒரே வகுப்பார் என்று அதிகாரி கார்டியு அளித்த சாட்சியத்தை அது எடுத்துக்காட்டியது. திறமை என்ன, ஒரே தெருவில் மட்டும் பிறந்து வளர்ந்ததா? நண்பர் தேநீரைக் குடித்தார். மறுவாரம் அந்த அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நல்ல மனிதர்தான்.

பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்பது அத்தையின் அடுத்த வாதம். அத்தை படிக்காதவர், படித்தவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்களே! 1951-இல் ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்த அன்னா ராஜத்துக்குச் செயலக வேலை போதாதா என்றார்கள். களப்பணியே வேண்டும் என்று நின்று, ஓசூரில் சப்-கலெக்டராக அமர்ந்தார் அவர். மணம் புரிந்தால் பணி போகும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவருக்கு முன்பே, 1949-இல், வெளியுறவுப் பணியில் முதல் பெண்ணாகச் சேர்ந்தவர் குடகைச் சேர்ந்த முத்தம்மா. சென்னையில் கல்லூரி பயின்றவர். மணம் செய்துகொள்வதற்கு அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு எனக் கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்றும் விதி இருந்தது. ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆணுக்குக் குடும்பமே இல்லை போலும்! முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

இந்தக் கதைகளை இரவுச் சோற்றின்போது வீட்டில் சொல்வது வழக்கம். அத்தை காதில் வாங்காதது போல் இருப்பார். அப்பா பேசமாட்டார், தறியோடு முப்பது ஆண்டு இருந்தவர், பேச்சைச் சத்தத்திடம் விட்டுவிட்டவர்.

சென்ற மாதம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்லவராகவே தெரிந்தார். தேர்வைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல அவர் தாயார் விடவுமில்லை. “வேலை கிடைச்சா வெளியூர்ல போட்டுருவாங்களே, அப்புறம் வீட்டை யாருங்க பாக்கறது?” என்றார் அந்த அம்மையார். அத்தை, தேர்வெல்லாம் சும்மா பொழுதுபோக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா பேசினார்.

“போட்டா போகட்டுமுங்க. அடுத்து தொகுதி 2 எழுதப்போறா. அது முடியட்டும், அப்புறம் பேசிக்கலாமுங்க.”

கூடத்தில் சற்று நேரம் காபித் தம்ளர்களின் ஓசை மட்டுமே. எழுந்து போனார்கள், கோபமாகப் போகவில்லை, யோசனையோடு போனார்கள். அத்தை அன்றிரவு என்னோடும் அப்பாவோடும் பேசவில்லை. இருபத்தேழுக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கு எனக்கும் அச்சமூட்டுகிறது, மறைக்கவில்லை.

இரவு முறைக்குப் புறப்படும்போது அப்பா வாசற்படியில் நின்று கேட்டார். “ஏங்கண்ணு, அந்தக் குடகு அம்மா போட்ட வழக்கு என்னாச்சு? ஜெயிச்சாங்களா?”

“பதவி உயர்வு அதற்குள் கொடுத்துவிட்டதால் வழக்கை முடித்துவிட்டார்கள் அப்பா. ஆனால் விதிகளைத் திருத்தச் சொன்னார்கள்” என்றேன்.

“அப்ப பாதி ஜெயிச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு நடந்தார்.