ஒராங்கியின் சந்துகள்

கராச்சி மாநகரின் வடமேற்கே ஒராங்கி என்னும் பரந்த ஏழைக் குடியிருப்பு உள்ளது. ஒரு காலத்தில் அதன் சந்துகளில் சாக்கடை நீர் வாசற்படியருகே ஓடிற்று. 1980இல் அங்குத் தொண்டாற்ற வந்த அக்தர் ஹமீத் கான், அரசை எதிர்பார்த்திருந்த மக்களைச் சந்துதோறும் ஒன்றுகூடச் செய்தார். 20, 30 வீட்டார் சேர்ந்து ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தனர், பணம் திரட்டினர், கழிவுநீர்க் குழாய்களைத் தாமே பதித்தனர். ஒப்பந்தக்காரர் இன்மையால் செலவு வெகுவாகக் குறைந்தது. பெருங்கால்வாய்கள் மட்டுமே அரசின் பொறுப்பென வகுக்கப்பட்டது.

அப்பணியைத் தொடர்ந்த பர்வீன் ரஹ்மான், ஏழைகளின் குடியிருப்புகளை வரைபடங்களில் பதிவுசெய்தார். பதிவான வீட்டை எளிதில் அப்புறப்படுத்த இயலாதன்றோ! 2013இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

சந்தின் மேடுபள்ளத்தை அன்றாடம் அதில் நடப்பவரே நன்கறிவர். நகரம் அமைப்போர் முதலில் அவர்களைக் கேட்பதே முறை.