கழுதைக்குக் காது வைப்பதா, ஸ்பைடர்மேன் வைப்பதா?



கொஞ்சம் நீளமான பதிவு. கனமூலையிலும் மதுரங்குளிப் பக்கத்திலும் இருக்கும் பெற்றார், பழைய மாணவர்கள், கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நம் சகோதரர்கள் எல்லோரும் ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூடிப் பேசும்போது எல்லோருக்கும் விடயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

எங்கள் ஆரம்பப் பிரிவுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் இருக்கும் சிறுவர் விளையாட்டிடம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சீமெந்துக் கழுதை. முதுகில் சறுக்கும் தகரம் பதித்த ஒரு கடற்பசு. இரண்டு பக்கமும் பலகை போட்ட ஒரு வள்ளம், அதற்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். அப்போது சித்திரம் படிப்பித்த சேரும் ஊரில் உள்ள ஒரு மேசன் பாஸும் சேர்ந்து, விடுமுறை நாட்களில் செய்தவை. அச்சு எதுவும் இல்லை. கம்பியை வளைத்து, கோழிக்கூட்டு வலையைச் சுற்றி, சீமெந்து பூசினார்கள். புத்தளம் என்றால் கழுதை, களப்பு என்றால் கடற்பசு, கரை என்றால் வள்ளம். அவ்வளவுதான் அவர்களின் திட்டம்.

இப்போது கழுதைக்கு ஒரு காதுதான் இருக்கிறது. வள்ளத்தின் பலகை உளுத்துவிட்டது. கடற்பசு என்ன நிறத்தில் இருந்தது என்றே தெரியாது. போன தவணையில் தரம் 2 பிள்ளை ஒன்று சறுக்கும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி தொடையில் கிழித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஏற்பு ஊசி போட்டோம். அந்தப் பிள்ளையின் உம்மா எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனது லேசாகியிருக்கும். கம்பி நீட்டிக்கொண்டிருப்பதை மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள்தான்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும், முழுச் செலவையும் தருவதாகச் சொன்னார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி, பளபளப்பாக, படத்தில் வரும் கதாபாத்திரங்களைப் போட்டுப் புதிதாக்க வேண்டும். பெயின்டர் ஒருவர் வந்து தன் போனில் படங்களைக் காட்டினார். ஸ்பைடர்மேன், எல்சா, டோரேமொன், சோட்டா பீம். "கழுதைய அப்படியே உடைச்சிட்டு அந்த இடத்துல ஸ்பைடர்மேன் வைக்கலாம் சேர். கடற்பசுவ நீலமாக்கி எல்சாட ஐஸ் மலையாக்கலாம்" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

பிள்ளைகளையும் கேட்போம் என்று தரம் 3 இல் கை உயர்த்தச் சொன்னோம். ஆண் பிள்ளைகள் ஸ்பைடர்மேன், பெண் பிள்ளைகள் எல்சா. கழுதைக்கு ஒரு கைகூட இல்லை. "பழைய கழுதைதான் வேணும்" என்று பிள்ளைகள் அழுததாக எழுதினால் பதிவு அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: "எங்கட கழுதைக்கு காது வைக்க ஏலாதா சேர்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் தேடி வாசித்தோம். பழைய விளையாட்டுச் சாதனத்துக்கு சினிமாக் கதாபாத்திரத்தைப் போட்டுப் புதுப்பிப்பது உலகத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் எல்லாம் நடக்கிற வேலை. 1955 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டிஸ்னிலாந்துதான் இதில் பேர்போனது. அங்கே 1959 இல் தண்ணீருக்குள் போகும் நீர்மூழ்கிக் கப்பல் சவாரி ஒன்று இருந்தது. 1998 இல் மூடிவிட்டார்கள். ஒன்பது வருடம் சும்மா கிடந்தது. நீமோ என்ற மீன் குஞ்சின் படம் 2003 இல் வந்து உலகம் முழுக்க ஓடியதும், 2007 இல் அதே குளத்தில், நீமோவைத் தேடும் சவாரியாக மீண்டும் திறந்தார்கள். நீமோ இல்லாவிட்டால் அந்தக் கப்பல்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

இதன் கணக்கு விளங்குவது கஷ்டமில்லை. கட்டடம், தண்டவாளம், தண்ணீர் ஓடும் வாய்க்கால், மோட்டர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. செலவில் பெரும்பகுதி அதில்தான் போயிருக்கிறது. உள்ளே இருக்கும் பொம்மைகளையும் கதையையும் மாற்றினால் புதுச் சவாரி ஆகிவிடும். படத்தைப் பார்த்த பிள்ளை வீட்டிலேயே அடம்பிடிக்கும், தனியாக விளம்பரம் வேண்டாம். சவாரி முடிந்து வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை. நம் ஊர்க் கார்னிவலில் மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் பலூன் கடை போடுகிறவருக்கும் இந்த வித்தை தெரியும்.

கடற்கொள்ளையர் சவாரியில் இது தலைகீழாக நடந்தது. 1967 இல் சவாரிதான் முதலில் வந்தது. அதைப் பார்த்து 2003 இல் படம் எடுத்தார்கள். படத்தில் வந்த ஜாக் ஸ்பரோ எல்லோருக்கும் பிடித்துப் போனதால், 2006 இல் அவரைக் கொண்டுவந்து பழைய சவாரிக்குள் வைத்தார்கள். வாப்பாவைப் பார்த்துப் பிறந்த மகன், பிறகு வாப்பாவின் வீட்டுக்கே வந்து குடியிருந்த மாதிரி.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது நோர்வேயின் கதை. புளோரிடாவில் டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் நாடுகளுக்கென்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. நோர்வே பகுதியில் 1988 இல் ஒரு படகுச் சவாரி வைத்தார்கள். வைக்கிங் மாலுமிகள், அந்நாட்டு நாட்டார் கதைகளில் வரும் பூதங்கள், பனிக்கரடி, கடைசியில் புயலடிக்கும் வடகடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை. கொஞ்சம் பழைய பாணிதான். ஆனாலும் போய்வந்த பிள்ளை, நோர்வே என்று ஒரு நாடு இருக்கிறது, அங்கே கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வரும். 2013 இல் 'ஃபுரோசன்' வந்தது. 2014 ஒக்டோபரில் அந்தச் சவாரியை மூடி, 2016 ஜூனில் எல்சாவின் சவாரியாகத் திறந்தார்கள். அதே வாய்க்கால், அதே பாதை. உண்மையான நாட்டுக்குப் பதிலாக, தேசப்படத்தில் எங்கும் இல்லாத ஒரு கற்பனை இராச்சியம் வந்து உட்கார்ந்துவிட்டது. சனம் வரிசையில் நிற்கிறது, பிள்ளைகளுக்குச் சந்தோசம். அதில் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் கடற்பசுதான் கண்ணில் வந்தது. களப்பில் கடற்பசு இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

மாற்றமே கூடாது என்பதும் சரியில்லை. 1989 இல் தொடங்கிய ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர்ச் சவாரி, 1946 இல் வந்த 'சோங் ஒஃப் த சௌத்' படத்தின் பாத்திரங்களை வைத்துச் செய்தது. கறுப்பின மக்களின் தோட்டத்து வாழ்க்கையை இனிப்பாகக் காட்டும் படம் என்று அதற்கு நெடுங்காலமாகக் கண்டனம் இருந்தது. அந்தச் சவாரியைத்தான் 2024 இல் டியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையாக மாற்றினார்கள். உயரத்திலிருந்து விழும் அந்தப் பெரிய இறக்கம் அப்படியே இருக்கிறது. சில பழையவை போகத்தான் வேண்டும்.

சிலவேளை புதியதும் தோற்றுப்போகும். பாடும் பறவைகளின் அறை ஒன்று, 1963 இல் டிஸ்னிலாந்தில் வந்தது. புளோரிடாவில் இருந்த அதன் ஜோடிக்கு 1998 இல் அலாதீன் படத்துக் கிளியையும் 'லயன் கிங்' பறவையையும் முதலாளிகளாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. அந்த வருடமே மீண்டும் திறக்கும்போது சினிமாப் பறவைகள் இரண்டும் இல்லை, பழைய பாட்டே திரும்பி வந்திருந்தது.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மருந்துக்கோ வியாபாரத்துக்கோ சென்னைக்குப் போய்வந்தவர்களிடம் விஜிபி கோல்டன் பீச் பற்றிக் கேளுங்கள். எந்த ராட்டினத்தில் ஏறினோம் என்பது மறந்துபோயிருக்கும். கண் இமைக்காமல் நிற்கும் அந்தச் சிலை மனிதனை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அவர் எந்தப் படத்திலிருந்தும் வந்தவரல்ல. டெல்லியில் 1984 இல் திறந்த அப்பு கர் பூங்காவுக்கும், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக் குட்டியின் பெயரைத்தான் வைத்தார்கள். 2008 இல் அது மூடப்பட்டது, ஆனால் பெயர் இன்னும் சனத்தின் வாயில் இருக்கிறது.

இங்கே நம் பக்கம் பாருங்கள். ஒரு காலத்தில் பாலர் பாடசாலைச் சுவர் எல்லாம் மிக்கி மவுஸ். பிறகு டோம் அன்ட் ஜெரி. அதன் பிறகு பென் 10. இன்றைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் பென் 10 படத்தைக் காட்டினால், "இது யாரு?" என்று கேட்கிறது. பெயின்ட் மங்குவதற்கு முன்பே ஆள் மங்கிவிடுகிறார். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அடுத்தவரின் ஆக்கத்தைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று வகுப்பில் பதிப்புரிமை படிப்பிக்கிற நாங்களே, வெளியில் கேட்காமல் எடுத்த ஸ்பைடர்மேனை நிறுத்தப் போகிறோம். (அவர் வேறு, நாம் பார்த்த இடங்களில் எல்லாம் கொஞ்சம் வயிறு தள்ளித்தான் நிற்கிறார்.)

உருவங்கள் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்வியும் கூட்டத்தில் வந்தது. "அப்படியென்றால் கழுதையும் கூடாதே" என்று ஓர் ஆசிரியர் சொல்ல, கொஞ்சம் சூடானது. அதை ஹஸரத்மாரிடம் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. இங்கே அதைப் பேச வேண்டாம்.

ஆனால் எங்களை உண்மையில் தடுத்து நிறுத்தியது வேறு. நோர்வே சவாரியை எல்சாவாக்க இருபது மாதம் மூடி வைத்தார்கள். புளோரிடாவின் ஸ்பிளாஷ் மவுண்டன் 2023 ஜனவரியில் மூடி, அடுத்த வருடம் ஜூனில்தான் திறந்தது. அவர்கள் பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. எங்கள் பெயின்டர் கேட்டது நான்கு நாள். பெரிய இடத்து வேலையையும் சின்ன இடத்து வேலையையும் நாளை எண்ணி ஒப்பிட முடியாது என்று தெரியும். ஆனாலும் அவர் தந்த விலைப்பட்டியலை நாங்கள் மூன்று தரம் வாசித்தோம். பெயின்ட், பிரஷ், கூலி, ஸ்பைடர்மேன் ஒன்று. கம்பி என்ற சொல்லே அதில் இல்லை. துருவுக்கு மேல்தான் எல்சா வரப்போகிறார். பிள்ளையின் தொடையைக் கிழித்த அதே கம்பிக்கு மேல், பளபளவென்று.

இதை அந்தச் சகோதரரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தோம். தருகிறவரின் ஆசையை மறுப்பது லேசான காரியமல்ல. போனில் எடுத்துச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அந்தக் கழுதையில இருந்துதான் நானும் விழுந்து பல்ல உடைச்சிக்கிட்டேன்" என்றார். முதலில் கம்பியும் சீமெந்தும், மிச்சம் இருந்தால் பெயின்ட் என்று சம்மதித்தார். ஆனால் பிள்ளைகள் கை உயர்த்திக் கேட்டதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

அதனால் இப்போதைக்கு எங்கள் யோசனை இது. கழுதையும் கடற்பசுவும் வள்ளமும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். துருப்பிடித்த கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி வெல்டிங் செய்து, மேலே சீமெந்து பூசுவது. மதிலின் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுவது. ஸ்பைடர்மேனோ எல்சாவோ, அவர்களே தங்கள் கையால் வரையட்டும். அடுத்த வருடம் வேறு ஆள் பிடித்தால் வெள்ளையடித்து மறுபடி வரையலாம். வள்ளத்துக்கு மட்டும் ஒரு கதை கொடுக்க ஆசைப்படுகிறோம். 1344 இல் இப்னு பதூதா வந்து இறங்கிய பத்தாலா என்ற ஊர் நம் புத்தளம்தான் என்பார்கள். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டி, என்ன வேண்டும் கேளுங்கள் என்றபோது, பாவாத மலையைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். போகும் வழியில் அட்டை கடிக்கும், அதற்கு எலுமிச்சம்பழம் பிழிவார்கள் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். இதைத் தரம் 3 இல் சொன்னோம். அட்டை வந்த இடத்தில் வகுப்பு முழுக்கக் கத்தியது. அன்று இடைவேளையில், உளுத்த பலகையில் ஏற வேண்டாம் என்று சொல்லியும் வள்ளத்தைச் சுற்றி ஒரே கூட்டம்.

சனிக்கிழமை காலை வெல்டிங் பாஸ் வந்து அளவெடுப்பார். பழைய மேசன் பாஸின் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு உதவி மட்டும் வேண்டும். கழுதையின் உடைந்த காது நேராக நின்றதா, பின்னால் சாய்ந்திருந்ததா என்று எங்களில் யாருக்கும் நிச்சயமில்லை. உங்கள் வீட்டு அல்பத்தில், கழுதைக்கு இரண்டு காதும் இருந்த காலத்தில் எடுத்த போட்டோ இருந்தால், வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டுவாருங்கள்.