நியூட்ரல்ல போட்டா உருளும்தானே!

போன கார்த்திகை மழையில நான் செஞ்ச ஒரு தப்பை எழுத இப்பத்தான் மனசு வந்திருக்கு. நெல்லு, மாடு, வாய்க்கால்னு எழுதுறவன் காரைப் பத்தி என்ன எழுதப்போறான்னு நினைக்காதீங்க. கடைசியில கதை நம்ம போர்செட்டுக்கிட்டதான் வந்து நிக்கும்.

தங்கச்சி மகன் சென்னையில வேலை பார்க்குறான். ஐப்பசியில ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினான். புதுசு இல்ல, ஒருத்தர் ஓட்டின வண்டி. ஆனா அவன் சம்பாத்தியத்துல வாங்கின முதல் வண்டி. மாமாகிட்ட காட்டணும்னு ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்துட்டான். எங்க ஊருக்குள்ள நுழையுற இடத்துல, மதகுக்குப் பக்கத்துல ஒரு வளைவு இருக்கு. அடைமழைன்னா வாய்க்கால் எது, ரோடு எதுன்னு தெரியாது. முன் சக்கரம் ரெண்டும் வாய்க்காலுக்குள்ள இறங்கிடுச்சு.

விடியற நேரத்துல போன் வந்தது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள, முன்னாடி போட்டு மிதிக்கிறதும் பின்னாடி போட்டு மிதிக்கிறதுமா கால் மணி நேரம் போராடியிருக்கான். சக்கரம் சேத்தை வாரி இறைச்சுதே தவிர, வண்டி ஒரு அடி நகரல. டிராக்டர்ல சங்கிலி மாட்டி இழுத்து மேல ஏத்தினேன். அதுவரைக்கும் சரி. ஆனா அதுக்குள்ள இன்ஜின் நின்னுபோச்சு. சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். டிராக்டர் பேட்டரியில இருந்து வயர் கொடுத்தும் அதே 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ள தண்ணி போயிடுச்சு.

"செல்ஃப் போனா என்ன மாப்ள, தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்"னு சொன்னேன். வயலுக்குப் போயிட்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டேன். தள்ளினோம். வண்டி வேகம் பிடிச்சதும், "இப்பப் போடு கியரை!"ன்னு கத்தினேன். போட்டான். ஒண்ணும் நடக்கல. நியூட்ரல்ல உருள்ற மாதிரியே வண்டி பாட்டுக்கு உருண்டுபோச்சு. எங்க பழைய ஜீப்பா இருந்தா ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் பிடிச்சிருக்கும்.

அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். கியர்ல போட்டும் சும்மா உருளுதே, உள்ளுக்குள்ள சங்கதி வேற மாதிரி இருக்கேன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

அவன் தூக்கிட்டுப் போற லாரிக்குச் சொல்லிடலாம்னான். "ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம் மாமா"ன்னும் சொன்னான். நான் கேட்கல. "முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறேன். நியூட்ரல்ல போட்டா எந்த வண்டியும் உருளும்தானே! லாரி எப்ப வர்றது, அதுக்கு எதுக்குத் தண்டமா காசு?"ன்னேன். தெரிஞ்சவரோட குட்டி யானையில கயிறு கட்டி தஞ்சாவூர் வரைக்கும் 40 கிலோமீட்டர் இழுத்துட்டுப் போனோம். காலி ரோடு, நல்ல வேகம். பிரேக் கல்லு மாதிரி இருக்கு மாமான்னு வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தான்.

ஸ்டார்ட்டரை மறுநாளே மாத்திட்டாங்க. இன்ஜின் பூ மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. 'டி'யில போட்டா, உறுமல் மட்டும்தான் வருது, வண்டி நகர மாட்டேங்குது. எண்ணெயை இறக்கிப் பார்த்தா கன்னங்கரேல்னு இருக்கு, தீஞ்ச வாடை. விரல்ல தொட்டா இரும்புத்தூள் மினுக்குது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். "யாருங்கய்யா இழுத்துட்டு வரச் சொன்னது?"

கியர்பாக்ஸைப் பிரிச்ச அன்னிக்கு நானும் போய் உட்கார்ந்தேன். சாக்கை விரிச்சு ஒவ்வொரு பாகமா வரிசையா வச்சார். அன்னிக்கு அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

நம்ம டிராக்டர்ல இன்ஜினுக்குப் பின்னாடி ஃப்ளைவீல். அதை ஒட்டி கிளட்ச் பிளேட். காலை எடுத்தா ஒட்டிக்கும், மிதிச்சா விலகும். அதுக்குப் பின்னாடி கியர், டிஃபரென்ஷியல், ஆக்ஸில், சக்கரம். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இரும்பு இரும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதனால சக்தி எந்த வழியா போச்சோ அதே வழியா திரும்பியும் வரும். சக்கரத்தைத் தள்ளினா இன்ஜின் சுத்தும். தள்ளி ஸ்டார்ட் பண்றதோட ரகசியம் இதுதான்.

அவன் வண்டியில கிளட்ச் இருக்க வேண்டிய இடத்துல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு. பெரிய உளுந்து வடை மாதிரி ஒரு இரும்பு உருண்டை, உள்ள முழுக்க எண்ணெய். அதுக்குள்ள இலை இலையா ரெண்டு சக்கரம் எதிரும் புதிருமா இருக்கு. மோனோபிளாக் மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு இம்பெல்லர் தெரியும். அந்த மாதிரிதான். ஒண்ணு இன்ஜினோட சுத்துது. சுத்துற வேகத்துல எண்ணெயை ஓரத்துக்கு வீசுது. அந்த எண்ணெய் எதிர்ல இருக்கிற இன்னொரு சக்கரத்தோட இலையில போய் மோதி அதைச் சுத்தவைக்குது. ரெண்டுக்கும் நடுவுல இரும்புத் தொடர்பே கிடையாது. பம்ப்செட்டும் தண்ணிச் சக்கரமும் ஒரே சட்டிக்குள்ள எதிரெதிரா உட்கார்ந்திருக்குன்னு வச்சுக்கங்க. சிக்னல்ல 'டி'யிலயே பிரேக்கை மிதிச்சுட்டு நிக்குறீங்களே, இன்ஜின் ஏன் நிக்கலன்னு யோசிச்சிருக்கீங்களா? எண்ணெய் வழுக்கிக்கிட்டே இருக்கு, அதான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஸ்டேட்டர்னு ஒரு சின்னச் சக்கரம். மோதிட்டுத் திரும்பி வர்ற எண்ணெய், அப்படியே விட்டா இன்ஜின் பக்கச் சக்கரத்தை எதிர்த்து அடிக்கும். ஸ்டேட்டர் அதை மடக்கி, தோதான பக்கம் திருப்பிவிடுது. வாய்க்கால்ல மண்வெட்டி வச்சு மடை திருப்புற வேலை. இதனால வண்டி கிளம்புற நேரத்துல, இன்ஜின் கொடுக்கிற திருகுவிசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுமாம். ஓட்டம் சீரானதும் வழுக்கல் வேண்டாம்னு உள்ளேயே ஒரு கிளட்ச் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிடும். 1905ல ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கிற ஜெர்மன்காரர் இந்த ஏற்பாட்டைக் கப்பலுக்காகக் கண்டுபிடிச்சார். அமெரிக்காவுல 1948ல பியூக் கம்பெனி டைனாஃப்ளோங்கிற பேர்ல டார்க் கன்வெர்ட்டரைக் காருக்குள்ள கொண்டுவந்தது.

அடுத்தது கியர். நம்ம கியர்பாக்ஸ் மாதிரி பல்சக்கரத்தை நகர்த்திச் சேர்க்கிற வேலையே இதுல இல்ல. எல்லாம் எப்பவும் கோத்தபடியே இருக்கும். நடுவுல ஒரு பல்சக்கரம், அதுக்குச் சூரியன்னு பேரு. அதைச் சுத்தி மூணு குட்டிச் சக்கரம், அதுங்க கிரகங்க. மூணையும் ஒரு தட்டு பிடிச்சிருக்கும். எல்லாத்துக்கும் வெளியில, உள்பக்கம் பல்லு வச்ச ஒரு வளையம். கோயில்ல நவக்கிரகம் பார்த்தவங்களுக்கு இது மறக்காது. இதுல எதை அசையாம பிடிச்சுக்கிறோம், எதைச் சுத்துறோம்ங்கிறதுலதான் கியர் மாறுது. சூரியனுக்கு 30 பல்லு, வளையத்துக்கு 60 பல்லுன்னு வச்சுக்கங்க. வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு சூரியனைச் சுத்தினா, 3 சுத்துக்குத் தட்டு 1 சுத்து வரும். இழுவை அதிகம், வேகம் கம்மி. சூரியனைப் பிடிச்சுக்கிட்டு வளையத்தைச் சுத்தினா, ஒன்றரைச் சுத்துக்குத் தட்டு ஒரு சுத்து. எதாவது ரெண்டைச் சேர்த்துப் பூட்டினா எல்லாம் ஒண்ணா சுத்தும். தட்டைப் பிடிச்சுக்கிட்டு சூரியனைச் சுத்தினா வளையம் எதிர்ப்பக்கம் சுத்தும், அதுதான் ரிவர்ஸ். இப்படி ரெண்டு மூணு கூட்டத்தை அடுத்தடுத்து வச்சா ஆறு கியர், எட்டு கியர்னு கிடைச்சுடுது.

"சரி தம்பி, இந்தப் பிடிச்சுக்கிறதை யாரு பிடிக்கிறது?"ன்னு கேட்டேன்.

"அங்கதான்யா விஷயமே இருக்கு"ன்னு ஒரு அடுக்கு கிளட்ச் தட்டுகளை எடுத்துக் காட்டினார். கன்வெர்ட்டரோட கழுத்துல ஒரு சின்ன எண்ணெய் பம்ப் இருக்கு. இன்ஜின் சுத்தினா கன்வெர்ட்டர் சுத்தும், கன்வெர்ட்டர் சுத்தினா பம்ப் சுத்தும். அந்த பம்ப் தர்ற அழுத்தம்தான் எந்தெந்தத் தட்டை நெருக்கணுமோ அதை நெருக்கிப் பிடிக்குது. எப்போ எதைப் பிடிக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும், பிடிக்கிற கை எண்ணெயோடது. அதே எண்ணெய்தான் தண்டுக்குள்ள இருக்கிற ஓட்டை வழியா போய், சுத்துற ஒவ்வொரு புஷ்ஷுக்கும் வழவழப்பு கொடுக்குது. சூட்டையும் அதுதான் வாங்கிட்டுப் போய் வெளியில ஆத்துது.

அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்ஜின் ஓடலன்னா பம்ப் இல்ல. பம்ப் இல்லன்னா பிடிக்கிற கை இல்ல. அதனாலதான் தள்ளும்போது கியர்ல போட்டும் சும்மா உருண்டிருக்கு. கயிறு கட்டி இழுத்தப்போ, முன் சக்கரம் ரோட்டுல உருண்டு உள்ள இருக்கிறதையெல்லாம் சுத்தவச்சுக்கிட்டே வந்திருக்கு. ஆனா அதுங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போய்ச் சேரல. நியூட்ரல் இன்ஜினைத்தான் விலக்கும், சக்கரத்தை விலக்காது.

எங்க போர்ல தண்ணி இறங்கிப்போனா, நடு ராத்திரியானாலும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துறவன் நான். தண்ணியில்லாம அஞ்சு நிமிஷம் ஓடினாலே என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த நான், என் மருமகனோட முதல் வண்டியை 40 கிலோமீட்டர் வறட்டு ஓட்டம் ஓட்டியிருக்கேன். அதுவும் வேண்டாம் மாமான்னு அவன் சொன்னதுக்கு அப்புறம்.

அவன் ஒரு வார்த்தை சொல்லல. "சேத்துல நான் போட்டு மிதிச்சதுலயே போயிருக்கும் மாமா"ன்னான். மெக்கானிக்கிட்டக் கேட்டேன். நகராத வண்டியை மிதிச்சா கன்வெர்ட்டர்ல வழுக்குற எண்ணெய் காயும், முன்னும் பின்னும் மாத்தி மாத்திப் போட்டா கிளட்ச் தட்டு தேயும், அது உண்மைதான்னார். "ஆனா புஷ்ஷெல்லாம் தேஞ்சிருக்கே, அது இழுத்ததுலதான்யா." எதுல எவ்வளவுன்னு பிரிக்க முடியாதாம். செலவுல பாதியை நான் கொடுத்தேன். ஒரு ஏக்கர் குறுவை வித்த காசு. வேண்டாம்னான், தங்கச்சியும் கோவிச்சுக்கிட்டா. பையிலயே வச்சு அனுப்பினேன்.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட ஆட்டோமேட்டிக் வண்டி இருக்கும். உங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். வண்டி நின்னுபோனா, நாலு சக்கரமும் தரையைத் தொடாம தூக்கிட்டுப் போற லாரியைக் கூப்பிடுங்க. முன் சக்கரம் இழுக்கிற வண்டின்னா முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தாலும் போதும். சில வண்டியைக் கொஞ்ச தூரம் மெதுவா இழுக்கலாம்னு கையேட்டுல போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டுச் செய்யுங்க. ஏஎம்டின்னு வர்றது நம்ம பழைய கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கவும் கியரை மாத்தவும் இயந்திரம் வச்சிருக்காங்க. சிவிடி வேற மாதிரி. உங்க வண்டி எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. சேத்துல மாட்டினா ரொம்ப மிதிக்காதீங்க. கிராமத்துல எந்நேரமும் ஒரு டிராக்டர் கிடைக்கும். மேல ஏத்திவிடுறதுக்கு மட்டும் டிராக்டர்காரரைக் கேளுங்க. அதுக்கு மேல அவர் சொல்ற யோசனையைக் கேட்காதீங்க.

பொங்கலுக்கு வந்தான். வண்டியை மெயின் ரோட்டு டீக்கடையிலயே விட்டுட்டு, கரும்புக் கட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தே வந்தான். எனக்கு என்னவோ போல இருந்துச்சு. மறுவாரம் ரெண்டு டிப்பர் கிராவல் அடிச்சு மதகு வளைவை உசத்தினேன். ஓரத்துல நாலு கருங்கல்லை நட்டு சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். ராத்திரி லைட் பட்டா பளிச்னு தெரியுது. போன்ல சொன்னேன். "சித்திரைக்கு வீட்டு வாசல் வரைக்கும் வர்றேன் மாமா"ன்னிருக்கான்.